முற்றுப்புள்ளி இல்லாத எச்சரிக்கை

—எல்லாரும்னு இங்கிலீஷ்ல எழுத ரெண்டு எல் வேணும். நீ அனுப்பின இந்த மெசேஜ்ல ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க போச்சும்மா, ஜெரி?

—ஓடிப் போச்சு, ஓபேத் சார். அன்னைக்கு மேட்டுக்கு முதல்ல ஏறினதே அதுதான்.

—பல்லைக் காட்டாத. இது விசாரணை. நீ சொல்ற ஒவ்வொரு பதிலும் இந்தத் தாள்ல ஏறும். இந்தத் தாள் மத்தியானப் படகுல தலைநகருக்குப் போகும்.

—அப்போ அதையும் எழுதிக்கோங்க. எல் ஓடிப் போச்சுன்னு.

—எழுத மாட்டேன். அடுத்தது. 'டபிள்யூ, வி.' இது யாரோட இனிஷியல்?

—அலை சார்.

—அலைக்கு இங்கிலீஷ்ல நாலு எழுத்து.

—நாலையும் நான் தட்டி முடிக்கறதுக்குள்ள அது வந்து நின்னுட்டா? அதான் உயிரெழுத்து ரெண்டையும் எடுத்துட்டேன். அந்த ரெண்டு உயிர் போனாலும் பரவால்ல, மத்த உயிர் இருக்கட்டும்னு.

—வசனம் பேசாத. பாரும்மா, இங்க பாரு. 'நோ, டபிள்யூ, எட்டு.' மாகாணப் பேரிடர் அலுவலகம் விடற எச்சரிக்கையில எட்டுங்கற நம்பருக்கு என்ன வேலை? எட்டு பேர் மட்டும் ஓடணுமா? எட்டு மணிக்கு ஓடணுமா?

—டபிள்யூவோட எட்டைச் சேத்து, இங்கிலீஷ்ல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

—டபிள்யூ... எய்ட்.

—வேகமா சார்.

—வெய்ட்.

—அதேதான். காத்துட்டு நிக்காதன்னு அர்த்தம். பாத்தீங்களா, உங்களுக்கே ரெண்டாவது தடவைல வந்துடுச்சு. கீழ சந்தைல ஒருத்தர்கூட என்கிட்ட எட்டு எதுக்குன்னு கேக்கல. ஓடினாங்க.

—முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன் நான். பள்ளிக்கூடத்துல ஒருத்தன் இப்படி எழுதியிருந்தா சிவப்பு மையில பெரிய முட்டையாப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். விளிப்பு இல்ல. தேதி இல்ல. அனுப்பறது யாருன்னு இல்ல. ஒரு பெரிய எழுத்து உண்டா? கடைசில ஒரு முற்றுப்புள்ளி? அதுகூட இல்லையே!

—முடியலையே சார். தரை இன்னும் ஆடிட்டே இருந்துச்சு. முடியாததுக்கு எப்படிப் புள்ளி வைக்கறது?

—ஜெரிலின்!

—கேள்வி கேட்டீங்க, பதில் சொன்னேன்.

—சரி. நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு. மெதுவா. நான் எழுதணும்.

—போன செவ்வாய்க்கிழமை, காலைல பத்தே முக்கால். நீங்க புதுப் படகுத்துறைல அமைச்சருக்கு வரவேற்புரை வாசிச்சிட்டு இருந்தீங்க. பதினாலு பக்கம். நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். ஆபீஸ்ல நான் மட்டும் இருந்தேன். தரை ஆடுச்சு. ஆடறது நமக்கு என்ன புதுசா? சாலமன் தீவுல பொறந்தவ நான், தொட்டிலையே நிலம்தான் ஆட்டி விட்டுச்சு. எண்ண ஆரம்பிச்சேன். இருபதுக்குள்ள நின்னா வேலையைப் பாரு, தாண்டினா கடலைப் பாருன்னு இந்தச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கீங்களே, அதை நம்பித்தான். நாப்பத்தஞ்சு வரைக்கும் எண்ணினேன். இன்னும் நிக்கல. அந்த இரும்பு அலமாரி குப்புற விழுந்துச்சு.

—எனக்குப் போன் பண்ணியிருக்கணும். இந்த ஆபீஸ்லேர்ந்து எது வெளிய போனாலும் என் கையெழுத்தோடதான் போகணும்னு விதி.

—ஆறு தடவை பண்ணேன். ஊரே அந்த ஒரு டவர்ல தொங்கிட்டு இருந்துச்சு. பேச்சு போகல. எழுத்து மட்டும் தட்டுத் தடுமாறிப் போச்சு. அதுவும் நீளமா இருந்தா பாதில நின்னுக்கும், குட்டியா இருந்தா இடுக்குல நுழைஞ்சு போயிடும்.

—தலைநகர்லேர்ந்து உறுதி வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமே?

—அது இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சு வந்துச்சு சார். பெரிய அலையா இருந்திருந்தா பத்து நிமிஷத்துல சந்தைக்குள்ள இருக்கும். மிச்சப் பன்னெண்டு நிமிஷம் யாருக்கு எச்சரிக்கை விடறது? மீனுக்கா?

—வந்துச்சா பெரிய அலை?

—வந்துச்சு.

—பெரிய அலையான்னு கேட்டேன்.

—கணுக்கால் அளவு.

—கணுக்கால்! கணுக்கால் நனையறதுக்கு நாலாயிரம் பேர் மேடேறினாங்க. ஆஸ்பத்திரில பதினேழு நோயாளியைக் கட்டிலோட தூக்கிட்டுப் போனாங்க. கூரை வேலை செஞ்சிட்டு இருந்த ஒருத்தன் இறங்கற அவசரத்துல விழுந்து காலை உடைச்சுக்கிட்டான். அமைச்சரை ரெண்டு பேர் கக்கத்துல கையைக் கொடுத்து இழுத்துட்டு ஓடினாங்க. அவரோட ஒரு செருப்பு இன்னும் கிடைக்கல!

—கிடைச்சா கழுவிக் கொடுத்துடறேன். காலை உடைச்சுக்கிட்டவரை நேத்துப் போய்ப் பாத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர்கிட்டக் கேப்பேன். செருப்புக்கெல்லாம் கேக்க மாட்டேன்.

—உன் வாய்தான் உனக்கு எதிரி. பாரும்மா, நான் உன்னை மாட்டி விடறதுக்கு இங்க உக்காந்திருக்கல. அமைச்சரோட செயலாளர் ரெண்டு தடவை பேசிட்டாரு. ஒரு மன்னிப்புக் கடுதாசி போதும்னு இறங்கி வந்திருக்காரு. நானே ராத்திரி உக்காந்து எழுதியிருக்கேன். கையெழுத்து போடு, வேலை தப்பிச்சுக்கும். போடலன்னா, படகு இந்தத் தாளைத்தான் ஏத்திட்டுப் போகும். உன் பேரு அடுத்த மாசச் சம்பளப் பட்டியல்ல இருக்காது.

—வாசிங்க.

—'போதிய பயிற்சியும் மொழியறிவும் அற்ற நான், இளமைக்குரிய விளையாட்டு மனப்பான்மையால், அரட்டைக்குரிய சிதைந்த மொழியில், எவ்வித ஆதாரமும் இன்றி விடுத்த செய்தியினால் பொதுமக்களிடையே பீதி ஏற்பட்டமைக்கு...'

—நிறுத்துங்க. ஆதாரம் இல்லாமலா? பூமியே எழுந்து நின்னு சாட்சி சொல்லுச்சு. அதுக்கு மேல அத்தாட்சிக் கடிதம் வாங்கிட்டு வரணுமா?

—அது கடுதாசில வழக்கமா வர்ற சொல்லு.

—மொழியறிவு அற்ற நானா? எனக்கு வீட்டு மொழி ஒண்ணு, சந்தைல பேசற பிஜின் ஒண்ணு, நீங்க அடிச்சுச் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் ஒண்ணு, போன் மொழி ஒண்ணு. நாலு. அந்தச் செயலாளருக்கு எத்தனை?

—போன் மொழின்னு ஒண்ணு கிடையாது.

—ஊருல எல்லாரும் அதுலதான் பேசறாங்க மாமா. சண்டை போடறது, காதலிக்கறது, கருவாடு இருக்கான்னு கேக்கறது, சாவு சொல்றது, எல்லாம் அதுலதான். நீங்க ஒருத்தர்தான் 'பெருமதிப்பிற்குரிய மருமகளுக்கு'ன்னு அனுப்பறீங்க.

—உங்கம்மா கூடப்பொறந்தவன்கறதெல்லாம் வீட்டுல. ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாத. எத்தனை தடவை சொல்றது?

—உள்ள வரலாமா வாத்தியாரே? வெளிய நின்னு ரொம்ப நேரமாச்சு. சுவரு பலகைதானே, எல்லாம் கேக்குது.

—டோர்காஸ்! வா. உன்னைப் பத்து மணிக்குன்னுதானே சாட்சிக்குக் கூப்பிட்டேன்? வாயில பாக்கா? இங்கெல்லாம் துப்பக் கூடாது.

—முழுங்கிக்கறேன். நாலாங்கிளாஸ்ல ஒரே பெஞ்சுல உக்காந்தோம், அப்பவும் இதேதான் சொன்ன. ஜெரிம்மா, நல்லா இருக்கியா? ஏன் இளைச்சுப் போயிட்ட?

—நல்லா இருக்கேன் அத்தை. இங்க உக்காருங்க, அந்த நாற்காலிக்குக் கால் ஆடும்.

—சந்தைப் பெண்கள் சங்கத் தலைவிங்கற முறைல உன்னைக் கூப்பிட்டிருக்கேன், டோர்காஸ். அன்னைக்கு ஓடினதுல உங்களுக்கு ஆன நட்டத்தைச் சொல்லு.

—எனக்கு முப்பத்திரண்டு சூரை மீன். காலைலதான் படகுலேர்ந்து இறக்கினது. பலகைல அப்படியே போட்டுட்டு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா, ஊரு நாய்க்கெல்லாம் கல்யாணம்.

—முப்பத்திரண்டு சூரை... நட்டம். எழுதிட்டேன்.

—அடிச்சிடு.

—என்ன?

—நட்டங்கறதை அடிச்சிடு வாத்தியாரே. மீன் போச்சுன்னு சொன்னேன். நட்டம்னு நான் சொன்னேனா?

—மீன் போனா அது நட்டம்தானே?

—நாய் தின்னதைப் பாத்து நான் சிரிச்சேன்யா. நின்னு பாத்துச் சிரிக்கறதுக்கு நான் இருந்தேன், என் பொண்ணுங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. இதுல நட்டம் எங்க வந்துச்சு?

—பாரும்மா, நீ நெஞ்சால பேசற. நான் கேக்கறது ஆபீஸ் கேள்வி.

—நானும் ஆபீஸ் கேள்வி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். இந்தா, இந்தப் போனைப் பாரு.

—இது யாருது?

—எங்க அக்கா யூனிஸோடது. சசூரு ஆத்தங்கரைல இருந்தாளே. போன வருஷ வெள்ளத்துல போனாளே, புருஷனும் பேரப்பிள்ளையுமா. பிளாஸ்டிக் பைல சுத்திக் கூரைச் செருகல்ல வச்சிருந்தா. அவளைக் காணோம், போன் கிடைச்சுது. சார்ஜ் போட்டா இன்னும் எரியுது. அதுல கடைசியா வந்தது உன் ஆபீஸ்லேர்ந்துதான். வாசிச்சுக் காட்டு.

—எதுக்கு இப்போ அதெல்லாம்?

—எனக்கு நீள இங்கிலீஷ் வராது. உனக்கு வரும். வாசி.

—டோர்காஸ்...

—நான் வாசிக்கறேன் அத்தை.

—நீ வேணாம் ஜெரி. எழுதினவர் வாசிக்கட்டும்.

—'சசூரு ஆற்றின் தாழ்நிலைப் படுகையில் வசிக்கும் பொதுமக்கள், நிலவும் வானிலைச் சூழலைக் கருத்திற்கொண்டு, முன்னெச்சரிக்கை அடிப்படையிலான தற்காலிக இடப்பெயர்வு குறித்துப் பரிசீலிக்குமாறு இதன்மூலம் அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

—தப்பு ஏதாவது இருக்கா அதுல?

—இல்ல. தப்பு ஒண்ணும் இல்ல.

—எங்க அக்காவும் வாசிச்சா. மூணு தடவை வாசிச்சாளாம். அப்புறம் எனக்குப் போன் பண்ணா. 'டோர்க்கி, இதுல போகச் சொல்றாங்களா, இருக்கச் சொல்றாங்களா?'ன்னு கேட்டா. நான் எழுத்தெழுத்தா அவ சொல்லக் கேட்டேன். எனக்கு என்ன தெரியும்? அன்புடன்ங்கற வார்த்தை மட்டும் தெரிஞ்சுது. 'அன்புடன்னு போட்டிருக்காங்க அக்கா, பெருசா ஒண்ணும் இருக்காது. காலைல சந்தைக்கு வர்ற வழில வாத்தியாரைக் கேட்டுச் சொல்றேன்'னேன்.

—நீ வந்து கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லையே.

—காலைல யாருக்காகக் கேக்கறது?

—அத்தை, தண்ணி குடிங்க.

—வேணாம்மா. வாத்தியாரே, ஒரு வருஷமா இந்தப் போனை வச்சிருக்கேன். உன்கிட்டக் கேக்கணும்னு இருந்தேன், சண்டைக்குன்னு இல்ல. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

—எந்த வார்த்தை?

—அன்புடனுக்கு முன்னாடி வருதே. அக்கா திரும்பத் திரும்பச் சொன்னது.

—பரிசீலிப்பது. யோசிச்சுப் பாக்கறது.

—யோசிச்சுப் பாக்கறது. அப்போ சரியாத்தான் செஞ்சிருக்கா. யோசிச்சிட்டே இருந்திருக்கா.

—மழை அவ்வளவு வரும்னு அப்போ யாருக்கும் தெரியாது, டோர்காஸ். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுத முடியாது. மூணு தடவை திருத்தினேன். அளவா இருக்கணும், மரியாதையா இருக்கணும், யாரும் பயந்துடக் கூடாதுன்னு. ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு, அந்த ஒரு வாக்கியத்துக்கு.

—அந்த ஒரு மணி நேரத்துல ஆறு எங்க வரைக்கும் வந்துச்சு சார்?

—ஜெரி, போதும்.

—போதாது. உங்ககிட்ட இதுவரைக்கும் நான் இதைக் கேட்டதில்ல. அந்த மெசேஜை அனுப்பற பட்டனைத் தட்டினது நான்தான். வாசிச்சேன், எனக்கே பாதி புரியல. கேக்கப் பயந்துக்கிட்டு அனுப்பினேன். அன்னைலேர்ந்து என் தூக்கம் என்கிட்ட இல்ல. அதனாலதான் போன செவ்வாய்க்கிழமை நான் யாரையும் கேக்கல. விளையாட்டு மனப்பான்மையாம்! இந்த வயசு வரைக்கும் நான் அவ்வளவு பொறுப்பா ஒரு காரியம் செஞ்சதே இல்ல.

—உங்க ரெண்டு பேருக்கும் நான் பேய் மாதிரி தெரியறேன். இருக்கட்டும். என் கதை ஒண்ணு சொல்லவா? இந்த ஆபீஸுக்கு வந்த முதல் வருஷம், ஒரு புயல் அறிக்கை அனுப்பினேன். அவசரத்துல, இங்கிலீஷ்ல கூரைங்கற சொல்லுல ஒரு எழுத்து மாறி மாட்டுக் குளம்புன்னு ஆயிப் போச்சு. தலைநகர்ல ஒரு கூட்டத்துல அதை எழுந்து நின்னு வாசிச்சான் ஒருத்தன். நானும் அங்க உக்காந்திருக்கேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. நாப்பது வீடு பறந்துபோன அறிக்கைம்மா அது. ஒருத்தனும் வீட்டைப் பத்திக் கேக்கல. தார்ப்பாய் வர ரெண்டு மாசம் ஆச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்தத் தீவுலேர்ந்து ஒரு எழுத்து தப்பாப் போகக் கூடாது. போனா நம்மளை மனுஷனா மதிக்க மாட்டான்.

—இதை நீங்க சொன்னதே இல்லையே மாமா.

—சொல்ற கதையா அது?

—அவன் சிரிச்சதுக்கு அவன்தானே வெக்கப்படணும்? நீங்க ஏன் அவனுக்காக எழுத ஆரம்பிச்சீங்க? சசூரு ஆத்தங்கரைல அவன் இல்லையே.

—அவன் கைலதான்மா தார்ப்பாய் இருக்கு.

—அதுக்கு எழுதறப்ப உங்க இங்கிலீஷ்ல எழுதுங்க. புள்ளி, கோடு, அன்புடன், எல்லாம் வைங்க. நானே உக்காந்து தட்டித் தரேன், ஒரு எழுத்து பிசகாது. ஆனா எங்க ஆளுங்களை ஓடச் சொல்லணும்னா, அவங்க ஓடற மொழியிலதான் சொல்லுவேன்.

—கையெழுத்து போட மாட்ட.

—போடறேன். அதுல ஒரு வரி சேத்துக்கோங்க. 'அடுத்த தடவை ஆடினாலும் இதையேதான் அனுப்புவேன், இதைவிடக் குட்டியா.'

—வேலை போயிடும் ஜெரி. உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?

—எங்கம்மாவுக்குத் தோட்டத்துல வள்ளிக்கிழங்கு தோண்ட ஆள் இல்ல. சந்தோஷப்படுவா.

—என் பலகைக்குப் பக்கத்துல ஒரு பலகை போட்டுத் தரேன்மா. கிழங்கை அங்க கொண்டாந்து வை. விலைப் பலகைல நீ ஒரு எல்லு போடு, ரெண்டு எல்லு போடு, எவனும் கேக்க மாட்டான்.

—டோர்காஸ், நீ ஊதி விடாத.

—ஊதல. நீ அணைக்கப் பாக்கறதைப் பாத்துட்டு இருக்கேன். ஏன்யா, இந்தப் பொண்ணு எழுதினதை எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டல. நாலாங்கிளாஸ்ல நின்னவ நான். போன் கிர்ருன்னுச்சு, பாத்தேன், மீன்கத்தியைக் கீழ போட்டேன். அவ்வளவு நேரம்தான் ஆச்சு. அக்காவுக்கும் அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டிருக்கும்.

—நான் என்ன செய்யணும்ங்கற இப்போ? தாளைக் கிழிக்கணுமா? கிழிச்சா நாளைக்கு என் நாற்காலில வேற ஒருத்தன் உக்காருவான். அவன் உங்ககிட்டக் கேள்வியே கேக்க மாட்டான்.

—நீங்க தாளைக் கிழிக்க வேணாம் சார். அது படகுல போகட்டும். நான் சொன்னதை நான் சொன்ன மாதிரியே எழுதி அனுப்புங்க. அது போதும்.

—இந்த வரியையா? 'உயிரெழுத்து ரெண்டையும் எடுத்துட்டேன்'னு?

—அதையும். எல் ஓடிப் போனதையும்.

—உனக்கு... மேஜையை ஆட்டாத, எழுத்து கோணுது.

—நான் தொடல சார்.

—டோர்காஸ், காலை எடு.

—நான் இந்தப் பக்கம் இருக்கேன் வாத்தியாரே.

—கண்ணாடி டம்ளர் நகருது. அத்தை, எண்ணுங்க!

—ஒண்ணு, ரெண்டு, மூணு...

—நின்னுடும். பின்னதிர்வு. ஒரு வாரமா வருது. சின்னது.

—எட்டு, ஒம்பது, பத்து...

—சின்னது இல்ல சார், சுவரைப் பாருங்க! அலமாரிகிட்டேர்ந்து தள்ளி வாங்க!

—பதினஞ்சு... கர்த்தரே... பதினெட்டு, பத்தொம்பது...

—இருபது. இன்னும் ஆடுது. ஜெரி, அனுப்பு!

—என்ன அனுப்பட்டும்? பரிசீலிக்கச் சொல்லியா?

—எப்படியோ அனுப்பு! உன் பாஷைல அனுப்பு! உக்காரு அந்தக் கம்ப்யூட்டர்ல!

—பாஸ்வேர்டை மாத்தி வச்சிருக்கீங்களே! என்ன போட்டீங்க?

—அது... ஒரு வாக்கியம்.

—வாக்கியமா?

—'பொதுமக்களின் பாதுகாப்பே நமது தலையாய கடமையாகும்.' முதல் எழுத்து பெரிசு. இங்கிலீஷ்ல. முற்றுப்புள்ளியோட.

—அய்யோ மாமா! என் போனாவது கொடுங்க, டிராயர்ல பூட்டி வச்சீங்களே!

—சாவி... சாவி வீட்டுல, நல்ல சட்டைப் பைல.

—அத்தை, உங்க போன்!

—பைல இருக்கு, எடு. முப்பத்தாறு, முப்பத்தேழு... அது முன்னாடியே கத்திட்டு இருக்கு பாரு.

—யாரு அனுப்பறா? நம்ம ஆபீஸ் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையே!

—மரவள்ளி விக்கற நெரிசா. ரெண்டே எழுத்து. 'யூ, பி.' மேலன்னு அர்த்தம். அடுத்து படகுக்கார பிலேமோன். அவரும் 'யூ, பி.' ஆஸ்பத்திரி நர்ஸ். கோழிக்கடை. பள்ளிக்கூடத்து டீச்சர், உங்ககிட்டப் படிச்ச ருத்தி. எல்லாம் 'யூ, பி', 'யூ, பி', 'யூ, பி.' திரை நிக்கவே மாட்டேங்குது.

—யாரு உத்தரவு கொடுத்தா இவங்களுக்கு?

—யாரும் கொடுக்கல.

—அப்போ நாம எதை அனுப்பறது, ஜெரி? நம்ம ஆபீஸ் என்ன சொல்லணும்?

—ஜன்னல் வழியா மேட்டுப் பாதையைப் பாருங்க மாமா. ஊரு முழுக்க அங்க ஏறிட்டு இருக்கு. சொல்றதுக்குக் கீழ மிச்சம் இருக்கறது நாம மூணு பேர்தான்.